கடவுளிடம் நேரே சொன்னால் போதாதா?

(சிட்னியின் செவன் ஹில்ஸில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடியிருந்த ஒரு மாலையில், 2026 தவக்காலத்தின் தொடக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ரயிலால் இறங்கி நேரே வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பிளாக்டவுன், துங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில் என்று இந்த ரயில் பாதையை ஒட்டி எங்கள் சனம் குடியேறிய ஊர்களில் இருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், தூத்துக்குடி நாகர்கோவில் பக்கத்தவர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறீர்கள். உங்கள் களைப்பை மதித்து, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடவுள் எல்லாம் அறிந்தவர். என் பாவமும் அவருக்குத் தெரியும், என் கண்ணீரும் தெரியும். பிறகு ஏன் இன்னொரு மனிதருக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டும்? கடவுளிடம் நேரே சொன்னால் போதாதா? பெரியவர்கள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் வருடக்கணக்காகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருக்கிறவர்களின் மனதிலும் இதே கேள்விதான் கிடக்கிறது. நேர்மையான கேள்வி. நேர்மையான பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

நேரே சொல்வதற்கும் இடமுண்டு

கடவுளிடம் நேரே சொல்வதைத் திருச்சபை ஒருநாளும் தடுத்ததில்லை. இரவு படுக்குமுன் செய்யும் ஆத்தும சோதனை, திருப்பலியின் தொடக்கத்தில் நெஞ்சில் தட்டிச் சொல்லும் மன்றாட்டு, நோன்பு, தர்மம் ஆகிய எல்லாவற்றாலும் அற்பப் பாவங்கள் கழுவப்படுகின்றன. சாவான பாவத்தில் விழுந்தவர்கூட, கடவுள்மேல் கொண்ட அன்பினால் பிறக்கும் உத்தம மனஸ்தாபத்தோடு, முடிந்த அளவு விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதி எடுத்தால் மன்னிப்புப் பெறுகிறார். 2020 மார்ச்சில், தவக்காலத்தின் நடுவே, கொரோனாவால் நியூ சவுத் வேல்ஸில் ஆலயங்கள் பூட்டப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் திருத்தந்தை பிரான்சிஸ் தம் காலைத் திருப்பலியில் இந்தப் போதனையைத்தான் எடுத்துரைத்தார். குரு கிடைக்காதவர்கள் தந்தையாகிய கடவுளிடமே பேசட்டும், உண்மையைச் சொல்லட்டும், வழி திறந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வதாக வாக்களிக்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆகவே நம் மன்றாட்டு கடவுளுக்கு நேரே கேட்குமா என்பதில் சந்தேகம் வேண்டாம். கேட்கும். அவர் தரும் மன்னிப்பு எந்த வழியாக நம்மிடம் வந்து சேர வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

கல்லறை வாசலில் நின்றவர்கள்

இந்த வருடம் மார்ச் 22, தவக்காலத்தின் 5ஆம் ஞாயிறு, லாசரின் நற்செய்தியை வாசிக்கப் போகிறோம். நாலு நாள் கல்லறையில் கிடந்தவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வெளியே வந்தான். கையும் காலும் துணியால் கட்டுண்டபடி, முகம் மூடியபடி வந்தான். செத்தவனுக்கு உயிர் கொடுத்தவருக்கு அந்தத் துணியை அவிழ்ப்பது ஒரு பெரிய காரியமா? ஒரு சொல் சொல்லியிருந்தால் அதுவும் கழன்று விழுந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களிடம், அவனைக் கட்டவிழ்த்துப் போகவிடும்படி பணித்தார். அந்த ஒரு வேலையை மனிதருக்கென்று விட்டு வைத்தார்.

ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் வட ஆபிரிக்காவில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் இந்த இடத்தில் பாவமன்னிப்பைக் கண்டார். உள்ளே உயிர் கொடுப்பவர் கிறிஸ்து. வெளியே கட்டவிழ்ப்பது அவருடைய திருச்சபையின் ஊழியம். இரண்டும் சேர்ந்தால்தான் மனிதன் நடக்கிறான்.

உயிர்த்த நாளின் மாலையில் பூட்டிய அறைக்குள் வந்து, சீடர்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை இயேசு யாரிடம் கொடுத்தார் என்று பாருங்கள். அவர் பிடிபட்ட இரவில் ஓடி ஒளிந்தவர்களிடம். அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம். மன்னிக்கும் பொறுப்பு, மன்னிப்பு இல்லாமல் வாழ முடியாதவர்களின் கையில்தான் வைக்கப்பட்டது. அதனால்தான் குருவும் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், ஆயரும் செய்கிறார், திருத்தந்தையும் செய்கிறார். 2014 மார்ச் 28 அன்று புனித பேதுரு பேராலயத்தில், மற்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கப் போக வேண்டிய திருத்தந்தை பிரான்சிஸ், முதலில் ஒரு சாதாரண குருவின் முன்னால் எல்லோரும் பார்க்க முழந்தாளிட்டார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

மனித இயல்பைப் பார்த்தாலும் இதன் தேவை புரியும். தாவீது அரசன் இரவும் பகலும் கடவுளோடு பேசியவன். ஆனாலும் ஊரியாவின் மனைவியை அபகரித்து, ஊரியாவையும் சாகக் கொடுத்தபின், நாத்தான் இறைவாக்கினர் வந்து ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லும்வரை அவனுக்குத் தன் பாவம் தெரியவில்லை. நம் வழக்கில் நாமே வக்கீல், நாமே நீதிபதி என்றால் தீர்ப்பு ஒழுங்காக வராது. சிலர் எல்லாவற்றுக்கும் தமக்குத் தாமே விடுதலை கொடுத்து விடுவார்கள். வேறு சிலர், கடவுள் எப்போதோ மன்னித்ததற்கும் தம்மைச் சாகும்வரை தண்டித்துக் கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் வெளியிலிருந்து ஒரு குரல் வர வேண்டும்.

தமிழில் அச்சேறிய பாவசங்கீர்த்தனம்

அந்தக் குரல் நம் தாய்மொழியில் வருவதற்கு நம் முன்னோர் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கற்பித்தார். மந்திரத்தையும் பிரசங்கத்தையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு விடலாம். நெஞ்சுக்குள் கிடக்கும் பாவத்தை நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்? திருச்சபைச் சட்டம் இன்றும் அதற்கு இடம் கொடுக்கிறது, அந்த மொழிபெயர்ப்பாளரையும் இரகசியம் காக்கக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் எந்த மனிதனும் அந்த வழியை விரும்பிப் போக மாட்டான்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார், போர்த்துக்கல்லில் பிறந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், தமிழை இலக்கணத்தோடு படித்தார். போர்த்துக்கேய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. அடுத்த வருடம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1580இல் வந்தது 'கொம்பெசியொனாயரு'. நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று தமிழருக்கு வழிகாட்டும் நூல் அது. திருக்குறள் அச்சேறியது 1812இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே, முத்துக் குளிப்பவரும் மீன் பிடிப்பவரும் தங்கள் பாவத்தைத் தங்கள் தமிழில் சொல்லி மன்னிப்பைத் தங்கள் தமிழில் கேட்க வேண்டும் என்று ஒரு மனிதர் பாடுபட்டிருக்கிறார். அச்சு எழுத்தைச் செதுக்கி வார்ப்பது பெரும் பாடாக இருந்த காலத்தில், எதை முதலில் அச்சடிக்க வேண்டும் என்று அவர் எண்ணினார் என்பதைப் பாருங்கள்.

சில்லாலையின் இரவுகள்

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே பெருங்குற்றம் ஆயிற்று. ஏறக்குறைய முப்பது வருடம், ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெறும் காலம், எங்கள் சனம் குரு இல்லாமல் இருந்தது. செபமாலை சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். கடவுளிடம் நேரே பேசினார்கள். வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் கூலிக்காரனின் உடையில் தூத்துக்குடியில் இருந்து படகேறினார். யோவான் என்ற ஊழியர் ஒருவர் மட்டும் அவரோடு. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் நோயில் விழுந்து சாகக் கிடந்தார். எழும்பி நடக்க முடிந்ததும், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிச்சைக்காரனைப்போல வீடு வீடாகப் போனார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ, அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அறிந்தார். பிறகு சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்து வைத்துக் காத்தது. திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இரவில் நடந்தன. காதோடு காதாகச் செய்தி போகும். ஆட்கள் இருட்டில் ஒழுங்கையால் நடந்து வருவார்கள். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் வீடுகளைச் சோதித்துக் கத்தோலிக்கரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடிகளார் தப்பினார். வந்தவர்கள் எல்லோரும் தப்பவில்லை.

தங்கைகளே, தம்பிகளே, உங்கள் கேள்விக்கு இந்த வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அந்தச் சனம் முப்பது வருடம் கடவுளிடம் நேரே சொல்லித்தான் வாழ்ந்தது. அது போதும் என்று அவர்கள் எண்ணியிருந்தால், அந்த இரவுகளில் வீட்டை விட்டு இறங்கியிருக்க மாட்டார்கள். சிறையும் சொத்துப் பறிமுதலும் எதிரே நிற்க, ஒரு குருவின் வாயால் மன்னிப்பைக் கேட்பதற்காக அவர்கள் நடந்தார்கள். யோசேவ் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே மடு மாதா கோவிலுக்கும் போனார். இங்கிருந்து அதற்காகவே பயணம் போனவர்களும் எங்களிடையே உண்டு.

இந்த மண்ணிலும்

நாங்கள் குடியேறிய இந்த நாட்டின் கத்தோலிக்கரும் அதே தாகத்தை அறிந்தவர்கள். 1798 அயர்லாந்துக் கிளர்ச்சிக்காக நாடு கடத்தப்பட்டுக் கைதியாக வந்த குரு ஜேம்ஸ் டிக்சன். 1803 மே மாதத்தில் ஆளுநர் கிங்கின் அனுமதியோடு அவர் சிட்னியில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பரமட்டாவிலும் முறைவைத்து ஒப்புக்கொடுக்க அனுமதி இருந்தது. ஒரு வருடம்கூட அது நிலைக்கவில்லை. 1804 மார்ச் 4 இரவு காசில் ஹில்லில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாள் நமக்கு வடக்கே ரவுஸ் ஹில் பக்கம் அவர்களை இராணுவம் மறித்தது. சரணடையும்படி கேட்க டிக்சன் அடிகளையே கூட்டிக்கொண்டு போனார்கள். அடிகள் கெஞ்சியும் அவர்கள் அடங்கவில்லை. சுடப்பட்டும் தூக்கிலிடப்பட்டும் பலர் மாண்டார்கள். திருப்பலிக்குக் கொடுத்த அனுமதியும் பறிக்கப்பட்டது.

பிறகு 1817இல் ஓஃபிளின் என்ற குரு அரச அனுமதி இல்லாமல் வந்தார். சில மாதங்களில் நாடு கடத்தப்பட்டார். 1820 மே மாதத்தில்தான் தெரி, கொனொலி என்ற இரண்டு குருக்கள் அரசின் அனுமதியோடு வந்து இறங்கினார்கள். அனுமதி பறிக்கப்பட்டதில் இருந்து அந்தப் பதினாறு வருடமும் இந்தச் செவன் ஹில்ஸ், பரமட்டா, ஹாக்ஸ்பரிப் பக்கங்களில் விலங்கோடு வேலை செய்து, சாட்டையடி வாங்கி, பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்துப்போனவர்கள் எத்தனை பேர் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவருடைய இரக்கம் அவர்களைக் கைவிட்டிருக்காது. ஆனால் அவர்கள் கேட்க ஏங்கிய ஒரு சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே சொல் இன்று நமக்குக் காரில் பத்து நிமிடத் தூரத்தில், சனிக்கிழமைதோறும் காத்திருக்கிறது.

இந்த ஊர்ப் பங்கு லூர்து அன்னையின் பெயரைத் தாங்கியது. 1858இல் லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு அன்னை தோன்றிப் பாவிகளுக்காகச் செபிக்கவும் தவம் செய்யவும் கேட்டது பெப்ரவரி 24 அன்று, ஒரு தவக்காலத்தில்தான். அந்த அழைப்பின் நிழலில் நின்று பேசுகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

வெட்கமும் நம்பிக்கையும்

போகாமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். முதலாவது வெட்கம். எங்கள் சமூகம் சிறியது. தமிழ்க் குருவுக்கு எங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறையாகத் தெரியும். நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவரிடம் எப்படிச் சொல்வது? விருப்பமானால் வேறு பங்குக்குப் போங்கள், ஆங்கிலத்தில் சொல்லுங்கள், திரைக்குப் பின்னால் முகம் காட்டாமல் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. யாரிடம் சொன்னாலும், கேட்ட குரு அதைச் சொல்லாலோ செயலாலோ வெளிவிட முடியாது. வேண்டுமென்று வெளிவிடும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்கே உண்டு.

தனியே சொல்லும் வெட்கம் இல்லாத ஒரு வழியும் இருந்தது. 1980களிலும் 90களிலும் இந்த நாட்டில் பல பங்குகளில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பொதுவாகப் பாவமன்னிப்புக் கொடுக்கும் வழக்கம் பரவியது. ஆலயம் நிரம்பி வழிந்தது. 1998இல் உரோமை அதை நிறுத்தும்படி கேட்டபோது பலருக்கு மனவருத்தம். ஆனால் சமாரியப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மார்ச் 8 அன்று வாசிப்போம். நண்பகல் வெயிலில் தனியே குடத்தோடு வந்தவள் அவள். இயேசு அவளைக் கூட்டத்தோடு சேர்த்து ஆசீர்வதித்து அனுப்பவில்லை. அவளோடு தனியே இருந்து, அவள் வாழ்க்கையை, அவள் கணவரைப் பற்றிய உண்மையை, அவள் வாயாலேயே பேச வைத்தார். அதன் பிறகு அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, யாரைப் பார்க்கக் கூசினாளோ அந்த ஊருக்குள்ளேயே ஓடினாள்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. நிறுவனங்களில் சிறுவர்மீது நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணைக்குழு 2017 டிசம்பரில் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. நம் திருச்சபையைப் பற்றி அதில் உள்ளதை வாசித்தால் நெஞ்சு பதறும். பரமட்டா மறைமாவட்ட ஆயர் வின்சென்ட் லோங், வியட்நாமில் இருந்து படகில் தப்பி அகதியாக வந்தவர், தாமும் வளர்ந்த வயதில் ஒரு மதகுருவின் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக அந்த ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார். இப்படிப்பட்ட திருச்சபையிடமா என் பாவத்தைச் சொல்வது என்று யாராவது கேட்டால், அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பாவசங்கீர்த்தனம் குற்றத்துக்குத் திரையாகக்கூடாது. விக்ரோறியா மாநிலம் 2019இலும் குயின்ஸ்லாந்து 2020இலும் சிறுவர் துன்புறுத்தலைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதையும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின. திருச்சபை அந்த இரகசியத்தை உடைக்க முடியாது என்று நிற்கிறது. ஆனால் மனந்திரும்பாதவருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்பதும் அதே திருச்சபையின் போதனைதான். குற்றம் செய்தவரைக் காவல்துறையிடம் போகும்படி குரு வற்புறுத்தலாம், வற்புறுத்த வேண்டும். துன்பப்பட்டவர் தன் துன்பத்தைச் சொல்வது பாவ அறிக்கை ஆகாது. பாவம் அவருடையதல்லவே. அதை எங்கும், எவரிடமும் அவர் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ஐந்து காரியங்கள்

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று எங்கள் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, பாவ அறிக்கை, பரிகாரம். நடுவில் உள்ள மூன்றையும் கடவுளின் அருள் நமக்குள் எளிதாக்கி விடும். முதலாவதும் கடைசியும்தான் நம் உழைப்பைக் கேட்பவை.

ஆத்தும சோதனையைச் சிறுவயதில் படித்த பட்டியலோடு நிறுத்தாதீர்கள். பூசைக்குப் போகவில்லை, பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று ஐம்பது வயதிலும் அதையே சொல்லிவிட்டு வருகிறோம். நம் இன்றைய வாழ்க்கையைத் திறந்து பாருங்கள். தமிழர் என்று ஒன்றாகக் கூடுகிறோம், கலியாணப் பேச்சு வந்ததும் சாதி விசாரிக்கிறோம். சீட்டுக் காசை வாங்கிக்கொண்டு ஒருவரை அலைய விடுகிறோம். மாணவர் விசாவில் வந்த பிள்ளையை நம் கடையில் நிறுத்திச் சட்டப்படியான சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிறோம், அதை உதவி என்றும் சொல்லிக்கொள்கிறோம். ஊரில் ஒரு பரப்புக் காணிக்காகக் கூடப்பிறந்தவனோடு பேசாமல் இருக்கிறோம். வயதான தாயை இங்கே கூப்பிட்டுப் பேரப்பிள்ளையைப் பார்க்க வைத்துவிட்டு, அவளோடு பேச நேரமில்லாமல் இருக்கிறோம். ஒரு குடும்பத்தின் மானத்தை வட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்புகிறோம். வீட்டுக் கதவை மூடிக்கொண்டு மனைவிமேல் கை ஓங்குகிறோம். இவற்றை இந்தப் பெயர்களாலேயே சொல்லுங்கள்.

இதே சோதனையில், பாவமில்லாததைப் பாவமென்று சுமப்பதும் வெளிப்படும். 2009இன் இறுதிப் போரைத் தாண்டி வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஓடும்போது ஒருவரின் கையை விட்டுவிட்டேன், காயப்பட்டவரைத் தூக்க முடியாமல் கடந்து வந்தேன், நான் உயிரோடு இருக்கிறேன் என்று இரவில் எழும்பி அழுபவர்கள் இருக்கிறீர்கள். அதைக் கொண்டுபோய் ஒரு நல்ல குருவிடம் சொல்லுங்கள். இது உங்கள் பாவமல்ல என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சிறியதென்று எண்ணும்படி கடவுள் கேட்கவில்லை. நீதி கேட்பது பாவம் என்றும் யாரும் சொல்ல முடியாது.

பரிகாரத்துக்கு வருகிறேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னதோடு அது முடிவதில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரைச் சீர்செய்ய வேண்டும். என் அம்மா பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் புறப்படும்போது, முதலில் குசினிக்குள் போய் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்பார். பிறகு எங்களிடம், பிள்ளைகளிடம் கேட்பார். அதன் பிறகுதான் முக்காட்டை எடுத்துப் போடுவார். கோவிலுக்குப் போகும் வழி அவருக்கு வீட்டுக்குள்ளேயே தொடங்கியது.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்தபின் ஓர் ஆலயத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா செபமாலை மணியை உருட்டியபடி. அவருக்கு முன்னால், கட்டட வேலைக்காரர் போடும் மின்னும் மஞ்சள் மேலங்கியைக் கழற்ற நேரமில்லாமல் வந்த ஓர் இளைஞர், பூட்ஸில் சிமெந்து. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தொலைபேசியில் எழுதி வைத்திருந்த குறிப்பை வாசித்து வாசித்து உதட்டைக் கடித்தபடி. இளைஞர் உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் வந்தார். கடைசி வாங்கில் முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு வெளி விறாந்தைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். கதவு திறந்திருந்தபடியால் முதல் இரண்டு சொல் மட்டும் என் காதில் விழுந்தது: "அண்ணை, நான்தான்." அதற்கு மேல் கேட்பது முறையல்ல என்று நான் திரும்பிக்கொண்டேன். அவர் என்ன பாவத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அருட்சாதனம் வேலை செய்ததை மட்டும் என் கண்ணால் கண்டேன். கடவுளிடம் பெற்ற இரக்கம் ஒருவருக்குள் தங்கிவிடாமல், இன்னொருவர் வீட்டு வாசலுக்குப் போனது.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன்

இந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அதே அதிகாலையில் நம் மாநிலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்புவோம். நம் வாழ்க்கையில் நடந்தது எதுவும் அப்படிப் பின்னால் போகாது. பாவசங்கீர்த்தனம் நடந்ததை நடக்காததாக ஆக்குவதில்லை. நடந்ததைக் கடவுளின் முன்னால் ஒத்துக்கொண்டு, அதன் அடிமையாக இல்லாமல் மேலே நடக்கப் பலம் கொடுக்கிறது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வருடத்துக்கு ஒரு தரமாவது பாவசங்கீர்த்தனம் செய்யக் கட்டளையிட்டது. அது ஆகக் குறைந்த அளவு. ஆனால் பத்து வருடம், இருபது வருடம் போகாதவருக்கு அந்த ஒரு தரமே பெரிய அடி.

தவக்காலத்தின் 4ஆம் ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி சனியில், மார்ச் 13, 14இல், உலகெங்கும் ஆண்டவருக்காக 24 மணி நேரம் என்ற வழிபாடு நடக்கும். அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். செபங்கள் மறந்துவிட்டன என்று பயப்பட வேண்டாம். மனஸ்தாப மந்திரம் தமிழில் வராத பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால், சுவாமி, நான் நெடுங்காலம் வரவில்லை, உதவி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தைக் குரு கேட்டுக் கேட்டு எடுத்துக்கொள்வார். மிகவும் சொல்லக் கூசுவதை முதலில் சொல்லி விடுங்கள். மற்றவை தானாக வரும்.

பெற்றோரே, பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காருக்குள் காத்திருக்காதீர்கள். அவர்கள் பார்க்க நீங்களும் வரிசையில் நில்லுங்கள். அப்பாவும் மன்னிப்புக் கேட்கிறவர் என்று கண்ட பிள்ளை, வாழ்க்கையில் தவறும்போது உங்களிடம் வரப் பயப்படாது.

பாவமன்னிப்புப் பெற்று ஆலயத்தை விட்டு இறங்கியதும், நீங்கள் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவரோடு பேசுங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறதோ அதைக் கொடுங்கள். கடவுள் உங்களுக்குச் செய்ததை, அவர் பெயரால், உங்களிடம் தப்புச் செய்தவருக்கும் செய்யுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் நன்றிக்கடன் இதுதான்.

உங்கள் எல்லோருக்கும் இறைவன் நல்ல தவக்காலத்தைத் தருவாராக.